கொசுறு

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பாதிரிப்புலியூரில் நான் காய்கறி வாங்கிவந்த முதல் நாள், அம்மா பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "கறிவேப்பிலை, கொத்தமல்லி எங்கடா?" என்றார்.

"நீ எழுதிக் குடுத்ததுல அது இல்லியேம்மா."

"அத யாருடா எழுதுவாங்க? தானா வரும். காசக் குடுத்ததும் பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டியா? ஒரு நிமிஷம் நிக்கணும்டா."

அந்த ஒரு நிமிஷம் எனக்கு மறந்து போயிருந்தது. 1989-இல் படிக்கச் சென்னைக்குப் போனவன், வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று அங்கேயே தங்கிவிட்டேன். அப்பா காலமான பிறகு, அம்மாவுக்குத் துணையாக 2019-இல் திரும்பி வந்தேன். பதினேழு வயது வரை வளர்ந்த ஊரை, ஐம்பதை நெருங்கும்போதுதான் கண் திறந்து பார்த்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே கடலூர். ஊருக்குள் வந்தால்தான் அது ஒரே ஊர் இல்லை என்பது புரியும். கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சக்குப்பம். கோர்ட்டு, கச்சேரி என்று கோப்புகளோடு வாழும் பக்கம். கிழக்கே கடலோரத்தில் தேவனாம்பட்டினம். தெற்கே ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் முதுநகர், துறைமுகமும் ஜங்ஷனும் அங்கே. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள்: பாடலீஸ்வரர் கோயில், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், பான்பரி மார்க்கெட், லாரன்ஸ் ரோடு. எழுதும்போது திருப்பாதிரிப்புலியூர், வாயில் வரும்போது திருப்பாப்புலியூர்.

இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன். அதற்கு எனக்குச் சாட்சி லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட். அப்போது மீட்டர் கேஜ் பாதை. கேட் விழுந்தால் இரண்டு பக்கமும் சைக்கிள், மாட்டு வண்டி, டவுன் பஸ், கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் எல்லாம் நிற்கும். கேப்பர் மலைப் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த வண்டி நிற்கும். அந்த நேரத்தில் வேர்க்கடலை வறுக்கிறவரின் கரண்டி சட்டியில் தட்டும் சத்தம் கேட்கும். கொய்யாப்பழக் கூடை கைக்குக் கை மாறும். பண்ருட்டிப் பலாச்சுளை காலம் என்றால் தள்ளுவண்டியில் மஞ்சளாகக் குவிந்திருக்கும், ஈ ஓட்ட ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருப்பான். நான் இவை எதையும் பார்க்கவில்லை. ரயிலைத்தான் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இடத்துக்குப் போகிறார்கள், நாம் மட்டும் நின்றுகொண்டிருக்கிறோம் என்று ஏங்கினேன்.

2010-இல் அகலப்பாதையாக மாறி ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை வந்தது. கேட்டில் காத்து நின்ற ஆம்புலன்சை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தக் கேட் போனதற்கு வருந்த மாட்டேன். ஆனால் எல்லோரையும் நிற்க வைத்த ஒரே இடம் அதுதான். நின்றால்தானே கண்ணில் படும்? இப்போது வண்டிகள் ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறிப் போய்விடுகின்றன. நான் நடந்து போகிறேன், அம்மாவின் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

என் ஊரைப் பற்றிய செய்திகள் எனக்கு வெளியூரிலிருந்துதான் வந்து சேர்ந்தன. புதுமைப்பித்தனைக் கல்லூரி நாட்களில் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். திருநெல்வேலிக்காரர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டியபோது, பிறப்பு 1906 ஏப்ரல் 25, திருப்பாதிரிப்புலியூர் என்று இருந்தது. அப்பாவின் அரசாங்க உத்தியோகம் அந்தக் குடும்பத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24 அன்று ஜெயகாந்தன் பிறந்தார். இருபத்தெட்டு ஆண்டு இடைவெளி, ஒரு நாள் வித்தியாசம், நடுவில் ஒரு ஆறு. பள்ளிக்கூடத்தில் எவரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. இன்னும் பின்னால் போனால், லோகவிபாகம் என்ற சமண நூல் கி.பி. 458-இல் பாடலிகை என்ற ஊரில் எழுதி முடிக்கப்பட்டது; அந்தப் பாடலிகை எங்கள் ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இன்று கிடைப்பது பின்னால் வந்த சமஸ்கிருத வடிவம். பூஜ்யத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறையைக் கையாண்ட, காலம் தெரிந்த மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. உலகத்தையே எண்ணி அளந்த ஒரு நூல் முடிந்த ஊரில், பூவை இன்னும் முழங்கையால் அளக்கிறார்கள்.

சன்னதித் தெருவில் பூக்கட்டும் அக்காவிடம்தான் இந்த அளவை முறையாகக் கற்றேன். வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து வைத்திருப்பார். இரண்டு மொட்டு இப்படி, இரண்டு மொட்டு அப்படி, நார் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் தெருவில் இருக்கும், விரல் தன் வேலையைச் செய்யும். அளக்கும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை நீட்டுவார். குட்டையான பெண்மணி, முழமும் குட்டைதான். ஆனால் அளந்து முடித்துக் கத்தரிக்கும் இடம் வேறு. விரல் நுனியைத் தாண்டி நாலு விரற்கடை விட்டுத்தான் வெட்டுவார்.

"ஏன்கா, முழத்துக்கு மேல போவுதே?"

"என் கை சின்னதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? வாங்கறவங்க கை என்னா அளவோ!"

இந்த ஊர் பீரங்கியால் அளக்கப்பட்ட கதையும் உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள கிராமங்கள் எல்லாம் கோட்டையோடு சேர்த்தி என்று ஒப்பந்தம். சுட்டார்கள், விழுந்த இடம் வரை எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று அந்தக் கணக்கு இன்றும் ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. வாங்குகிறவன் வைத்த அளவு அது. விற்கிறவர் வைக்கும் அளவை அந்த அக்காவிடம் பார்த்தேன்.

அவர் கடையிலும் இப்போது கட்டம் கட்டமாக அச்சடித்த அட்டை தொங்குகிறது. போனைக் காட்டிப் பணம் அனுப்பினால், பக்கத்திலிருக்கும் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்லும். அதற்கு அப்புறம் பாருங்கள், கூடையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்து, "அம்மாவுக்கு வச்சிவிடு" என்று பொட்டலத்துக்குள் போடுவார். தள்ளுபடி என்பது விலைக்குள் நடக்கிற கணக்கு. விலை பேசி, பணம் கைமாறி, இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை என்றான பிறகு வருவது கொசுறு. அதனால்தான் அது எந்தச் செயலியிலும் இல்லை. ஆள் முகம் தெரிந்தால்தான் அதைக் கொடுக்க முடியும்.

நாட்டு மருந்துக் கடையில் கொசுறு பேச்சாக வரும். அரிசித் திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம் என்று அம்மாவின் பட்டியலை நீட்டினேன். எவ்வளவு என்று கடைக்காரர் கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்டது, "யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"வயசு?"

சொன்னேன். "சளியா, வறட்டு இருமலா?" சொன்னேன். பட்டியலில் இருந்ததில் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். "இது சூடு, அவங்களுக்கு வேணாம். நாலு நாள்ல கேக்கலைன்னா இங்க வராதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிகினு போங்க." வந்த வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு மனிதர் பொட்டலம் கட்டினார். செய்தித்தாளைக் கூம்பாக்கி, மடித்து, நூல் சுற்றி, ஒரு வெட்டு. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ஒரு வசம்புத் துண்டு கூடுதலாக இருந்தது.

இனி ஈயம் பூசுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா இறந்த பிறகு அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தார். ஒரு நாள் இறக்கச் சொன்னார். உள்ளே ஈயம் போய் மஞ்சளாகப் பல்லிளித்தன. புளி ஊற்றினால் களிம்பு ஏறும். சின்ன வயதில் "பாத்தரத்துக்கு ஈயம் பூசறதேய்..." என்று தெருவில் நீளமாக ஒரு குரல் வரும்; அந்தக் குரல் நின்று பல காலமாகிவிட்டது. ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சுவரோரமாக, தார்ப்பாய்க்குக் கீழே, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாய் உட்கார்ந்திருந்தார்.

தரையில் ஒரு குழி. அதில் கரி. பக்கத்தில் கையால் சுற்றும் ஊதுகுழல். அந்தக் காலத்தில் தோல் துருத்தி, அது ஒன்றுதான் மாற்றம். முதலில் பாத்திரத்தின் உட்புறத்தை மணல் போட்டுத் தேய்த்தார், ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை இருந்தாலும் ஈயம் பிடிக்காதாம். பிறகு இடுக்கியால் பிடித்துத் தணலில் காட்டினார். பாத்திரம் சூடேறும் பதத்தை நிறத்திலேயே பார்த்துச் சொல்கிறார். நவச்சாரத் தூளை ஒரு சிட்டிகை தூவினார். குப்பென்று வெள்ளைப் புகை, மூக்கில் ஏறும் நெடி. அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் குச்சியை ஓர் இடத்தில் தொட்டார். குச்சியின் முனை உருகிப் பாதரசம் போல ஒரு துளி ஓடியது. கையிலிருந்த பஞ்சால் அந்தத் துளியை விரட்டிக்கொண்டே பாத்திரத்தைச் சுழற்றினார். மஞ்சளாக இருந்த உட்புறம் ஓரத்திலிருந்து வெள்ளியாக மாறிக்கொண்டே வந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்குமா? தாமதித்தால் பாத்திரம் கறுத்துவிடும், அவசரப்பட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். பக்கெட் தண்ணீரில் முக்கினார், ஸ்ஸ் என்றது. எடுத்துக் காட்டினார், உள்ளே என் முகம் தெரிந்தது.

"பார்த்து வாங்கணும் தம்பி. காரீயம் கலந்து பூசறவன் இருக்கான், அது உடம்புக்கு விஷம். வெள்ளீயம்தான் பூசணும். விலை ஜாஸ்தி, நம்ம கூலி கம்மி."

மூன்று பாத்திரத்துக்குப் பேசிய கூலியைக் கொடுத்தேன். கிளம்பாமல் நின்றேன், அம்மா சொல்லிக்கொடுத்த அந்த ஒரு நிமிஷம். அவர் என் பையிலிருந்த கரண்டியைக் கவனித்து, "குடுங்க அத" என்று வாங்கி, மிச்சமிருந்த தணலில் காட்டி, அதற்கும் பூசிக் கொடுத்தார். மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, நல்ல வேலையில் இருக்கிறான் என்று பெருமையாகத்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வருத்தம் வந்தது. அந்த நெடியில் ஐம்பது வருஷம் உட்கார்ந்த மனிதரிடம் அந்த வருத்தத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிந்தது. வேலை வந்துகொண்டிருக்கும் வரை அவருக்குக் கூலியாவது தவறாமல் கிடைக்க வேண்டும். நான் செய்ய முடிவது அதுதான். எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பரணிலிருந்து பாத்திரம் இறக்க வைத்தேன்.

வண்டிப்பாளையத்துக்கு நான் போனதும் ஒரு பொருளுக்காகத்தான். சென்னையில் இருந்த வரை மகளின் கொலுவுக்குப் போனில்தான் வாங்குவோம். ஒரு வருஷம் தசாவதார செட் ஒன்று பெட்டியில் வந்து சேர்ந்தது, நரசிம்மருக்குக் கை இல்லாமல். படம் எடுத்து அனுப்பினோம், பணம் திரும்பி வந்தது. நரசிம்மர் வரவில்லை. ஒன்பது அவதாரத்தோடு அந்தக் கொலு முடிந்தது. என் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய வண்டிப்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிறார்கள் என்பதை அப்போது நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வண்டிப்பாளையம் சும்மா ஊர் இல்லை. சமண மடத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது, கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்த இடம் என்று காட்டப்படும் கரையேறவிட்டகுப்பம் அங்கேதான் இருக்கிறது. சித்திரையில் அந்த விழா நடக்கும். மூழ்க வேண்டிய ஒன்று மிதந்து வந்த அந்தக் கரையில், களிமண்ணைப் பிசைந்து அச்சில் அழுத்துகிறார்கள். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. இரண்டையும் ஒட்டி, ஈர விரலால் விளிம்பை நீவி, நிழலில் உலர்த்திச் சூளையில் வைக்கிறார்கள். வண்ணம் வைப்பது பெரும்பாலும் பெண்கள். கண் கடைசி. அதுவரை பேசிக்கொண்டே தீட்டிய ஓர் அம்மா, கண் வைக்கும்போது பேச்சை நிறுத்தியதைக் கவனித்தேன்.

கையில் உழவாரத்தோடு ஒரு சாண் உயர அப்பரும், மளிகைக் கடை விரித்த செட்டியாரும் வாங்கினேன். வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். பணம் கொடுத்துவிட்டு நின்றேன். அந்த அம்மா எலுமிச்சை அளவில் ஒரு மண் பூசணிக்காயை எடுத்து, "செட்டியார் கடையில வைக்கச் சொல்லு பாப்பாவ" என்றார். சென்னைக்குக் கொண்டுபோனபோது ஒன்றும் உடையவில்லை.

போனவையும் நிறைய உண்டு. வாடகை சைக்கிள் கடை போயிற்று. பேனாவுக்கு நிப்பு மாற்றுகிறவர் போனார். ஆனால் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுத் திருவிழா போகவில்லை. சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வருகின்றன. மணலில் கடை விரித்துச் சுருளிக்கிழங்கு விற்கிறார்கள், வாங்காமல் வீடு திரும்பினால் அம்மாவுக்கு அது திருவிழாவே இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்துவரும் மீன்கார ஆயாவும் இருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் கூடை சின்னதாகிவிடும், விலை ஏறிவிடும். அப்போதும் சங்கராவை நிறுத்துப் போட்ட பிறகு ஒரு பிடி நெத்திலியை அள்ளி மேலே போடுகிறார். "கம்மியா இருக்கறப்ப எதுக்கு ஆயா?" என்றால், "நெறைய இருக்கறப்ப யாரு வேணா குடுப்பா" என்கிறார்.

இதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது 'தானே' புயலைப் பற்றி அம்மா சொன்னபோது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நான் சென்னையில் இருந்து நாலு நாள் போன் போட்டுப் பார்த்தேன், மணியே அடிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் தனியாக இருந்தார்கள். மின்சாரம் இல்லை. ஏ.டி.எம். இல்லை. வீட்டில் ரொக்கமும் அதிகம் இல்லை. இரண்டாம் நாள், விழுந்த மரங்களைத் தாண்டி, தெருமுனை மளிகைக் கடைப் பையன் வந்திருக்கிறான். கையில் மெழுகுவத்தி, பால் பவுடர், அரிசி, தீப்பெட்டி. "முதலாளி குடுத்தனுப்பினாரு. நோட்டுல எழுதிக்கறோம்மா, அப்புறமா பார்த்துக்கலாம்." தெருவில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் எவை என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து அப்பா பாக்கியைக் கட்டப் போனபோது, நோட்டில் அரிசி இருந்தது, பால் பவுடர் இருந்தது. மெழுகுவத்தி இல்லை. கேட்டதற்கு, "அது கொசுறு சார்" என்றிருக்கிறார்.

எட்டு வருஷம் இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. "நீ கேக்கலியேடா" என்றார்.

அந்தக் கடை இன்னும் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் குளிர்சாதன வசதியோடு பெரிய கடை வந்துவிட்டது, பத்து நிமிஷத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம் என்கிற போட்டியும் ஒருநாள் இங்கே வரும். எனக்கு அவற்றின் மீது கோபம் இல்லை. விலை மலிவு, அவசரத்துக்கு உதவும். ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிட்டால், அடுத்த புயலில் மெழுகுவத்தி அனுப்ப ஆள் இருக்கமாட்டார். எங்கள் வீட்டு மாதச் சாமான் அந்தத் தெருமுனைக் கடையில்தான்.

சிதம்பரத்துக்கோ வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ போகிறவர்கள் எங்கள் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை இறங்குங்கள். பாடலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சன்னதித் தெருவில் பூ வாங்கலாம். நவராத்திரிக்கு முன்னால் வந்தால் வண்டிப்பாளையம் பக்கம்தான். உங்கள் வீட்டுப் பரணில் ஈயம் போன பித்தளைப் பாத்திரம் ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பாய் மதியம் வரை இருப்பார். பேசிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கொடுத்த பிறகு உடனே கிளம்பிவிடாமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.